பாதத்துக்கு வராத பார்சல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில், அமெரிக்காவின் உட்பகுதியில் ஏதோ ஒரு பண்ணை வீட்டில் இருந்த பெண்கூட, தன் கல்யாணச் செருப்பைக் கடை வாசலை மிதிக்காமலே வாங்கிவிட முடிந்தது. ஆரன் மான்ட்கோமரி வார்டு 1872ல் சிகாகோவிலிருந்து ஒற்றைத் தாள் விலைப்பட்டியலோடு தொடங்கிய தபால் வியாபாரம், இருபது ஆண்டுகளுக்குள் பருத்த புத்தகமாகிவிட்டது. 1893ல் சியர்ஸ், ரோபக் நிறுவனம் போட்டிக்கு வந்தது. ஏர், துப்பாக்கி, தையல் இயந்திரம் என எல்லாம் அடங்கிய அந்தப் புத்தகங்களில் செருப்புக்கெனத் தனிப் பக்கங்கள் இருந்தன. அவற்றில் மெல்லிய ஆட்டுத்தோலிலும் சாட்டின் துணியிலும் செய்த விருந்துச் செருப்புகள் படத்தோடும் விலையோடும் வரிசை கட்டி நின்றன. கடலுக்கு அந்தப் பக்கம், வேல்ஸில் பிரைஸ் ஜோன்ஸ் என்ற துணி வியாபாரி 1861லேயே தபால் வழி விற்பனையை ஆரம்பித்திருந்தார். கல்யாணச் செருப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற ஆசைக்குப் பெரிய முன்மாதிரி விக்டோரியா ராணி. 1840 பிப்ரவரி 10 அன்று அவர் மணந்தபோது அணிந்த, குதிகால் உயராத வெள்ளைச் சாட்டின் செருப்பு, செருப்புத் தொழிலுக்குப் பேர்போன நார்த்தாம்ப்டன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இதே பத்தாண்டுகளில் தர்மபுரி, சென்னை ராஜதானியின் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ல்தான். இங்கும் தபால் வந்தது, விலைப்பட்டியல்கள் வந்தன, கல்யாணங்கள் நடந்தன, கடன் வாங்கியாவது சீரும் சிறப்புமாக நடந்தன. ஆனால் கல்யாணத்துக்குச் செருப்பைத் தபாலில் தருவிப்பது என்ற பழக்கம் இங்கே ஏன் வேர் பிடிக்கவில்லை? ஊர் பின்தங்கியிருந்தது, ஜனங்கள் ஏழைகள் என்று இரண்டே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். அந்தப் பதில் பாதிகூடச் சரியில்லை என்பது என் வாதம். தபால் தடையாக இல்லை. பணமும் முழுத் தடையாக இல்லை. நம் கல்யாணத்தில் பாதம் வெறுமையாக இருந்தால்தான் செய்ய முடிகிற காரியங்கள் அடுத்தடுத்து இருந்தன. செருப்புக்கு அங்கே வேலையே இல்லை. இதைவிட விசித்திரம், அதே வறண்ட பூமியின் ஆட்டுத்தோலும் ஆவாரம்பட்டையும் மேல்நாட்டுப் பாதங்களுக்குச் செருப்பாகிக் கொண்டிருந்ததுதான்.

முதலில் தபாலைப் பார்ப்போம். 1854ல் இந்தியா முழுவதற்கும் ஒரே தபால்தலை விகிதம் வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதம் எத்தனை மைல் போனாலும் அரையணா. 1879ல் காலணா கார்டு. 1880ல் மணியார்டர் வேலையைத் தபால் இலாகா ஏற்றுக்கொண்டது. இவற்றுக்கு நடுவே, 1877ல், வியாபாரத்தைப் பொறுத்தவரை மற்றெல்லாவற்றையும்விட முக்கியமான ஓர் ஏற்பாடு வந்தது: வேல்யூ பேயபிள் போஸ்ட், சுருக்கமாக வி.பி.பி. விற்பவர் பார்சலைத் தபாலாபீசில் ஒப்படைத்து, இதற்கு இவ்வளவு வசூலிக்க வேண்டும் என்று எழுதிவிடுவார். வாங்குபவர் பணத்தைக் கட்டிப் பார்சலைப் பெற்றுக்கொள்வார். தபால் இலாகா தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்றவருக்கு அனுப்பிவிடும். முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே சர்க்கார் தரகராக நின்றது. அமெரிக்கத் தபால் துறையில் இந்த வசதி எப்போது வந்தது தெரியுமா? 1913 ஜூலையில். 4 பவுண்டுக்கு மேற்பட்ட பொதியை அந்நாட்டுத் தபால் ஏற்கத் தொடங்கியதே அந்த வருஷம் ஜனவரியில்தான். அதுவரை சிகாகோவின் பெரிய பொதிகள் ரயில் கம்பெனிகளையும் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகளையும் நம்பிப் போயின. பண்ணை வீட்டு வாசலுக்கே தபால்காரர் வருவது 1896ல்தான் சோதனையாகத் தொடங்கியது. ஆக, பொருளைக் கொடுத்துக் காசை வாங்கும் தபால் ஏற்பாட்டில் சேலம் ஜில்லா, இல்லினாய் மாகாணத்தைவிட 36 ஆண்டுகள் முந்தி நின்றது.

ரயிலும் பெரிய குறையில்லை. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் போகும் பாதை 1860களின் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பாதையில் மொரப்பூர் ஒரு நிலையம். அங்கிருந்து தர்மபுரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர், மாட்டு வண்டிக்கு ஒரு ராத்திரிப் பயணம். மொரப்பூரையும் தர்மபுரியையும் இணைத்த குறும்பாதை ரயில் 1906ல் வந்தது என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஜோடி செருப்பு தர்மபுரிக்கு வந்து சேர அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. புத்தகம் வந்தது, கைக்கடியாரம் வந்தது, விதை வந்தது, சகல நோய்க்கும் சஞ்சீவி என்று விளம்பரம் செய்த மருந்துப் புட்டிகள் வந்தன. சென்னையின் பெரிய கடைகளும் கல்கத்தா, பம்பாய்க் கம்பெனிகளும் மொபசல் வாடிக்கையாளருக்கு வி.பி.பி.யில் அனுப்புவதை வழக்கமான வியாபாரமாகவே வைத்திருந்தன. பிற்காலத்தில் ஆனந்த விகடனை வாங்கி நடத்திய எஸ்.எஸ். வாசன், பத்திரிகைக்கு வருமுன் செய்ததும் இந்த வி.பி.பி. வியாபாரம்தான். தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய விளம்பரப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு, எதையெல்லாம் தபாலில் வரவழைக்கத் தமிழர்கள் தயாராக இருந்தார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

சரி, ஏழ்மை? இதை லேசில் தள்ளிவிட முடியாது. வி.பி.பி. வந்த 1877, தாது வருஷப் பஞ்சத்தின் உச்சம். சேலம் ஜில்லா மிகக் கடுமையாக அடிவாங்கிய ஜில்லாக்களில் ஒன்று. 1871ல் சுமார் 19 லட்சத்து 66 ஆயிரமாக இருந்த அதன் ஜனத்தொகை 1881 கணக்கில் ஏறக்குறைய 16 லட்சமாகக் குறைந்தது. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைந்த மானாவாரி பூமியில், அடுத்த மழையை நம்பி வாழ்ந்த பெரும்பாலோருக்கு விலைப்பட்டியல் புத்தகம் எட்டாத உலகம். ஆனால் ஏழ்மையை மட்டும் காரணமாகச் சொன்னால், பணம் இருந்த வீட்டில் செருப்பு வந்திருக்க வேண்டும். மிராசுதார், வக்கீல், தாலுகா குமாஸ்தா, தானிய வியாபாரி, வட்டிக்கடைக்காரர் என்று கையில் ரொக்கம் புழங்கியவர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பட்டு வந்தது, தங்கம் வந்தது, மேளம் வெளியூரிலிருந்து வந்தது. செலவழிக்கத் தயங்காத அந்தப் பந்தலில் மணப்பெண்ணுக்கென்று ஒரு ஜோடி செருப்பு மட்டும் சீர்வரிசையில் இல்லை. காசில்லாமல் விட்டுப்போன பொருள் காசு வந்ததும் பட்டியலில் ஏறிவிடும். இது ஏறவில்லை.

கல்யாணத்தில் பாதத்துக்கு என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் காரணம் விளங்கும். முகூர்த்தத்துக்கு முந்திய நாட்களில் நலங்கு. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பைப் பாதத்தில் இடுகிறார்கள். மருதாணி வைக்கிறார்கள். பல சமூகங்களில் பெண்ணின் பெற்றோர் மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவுகிறார்கள். தாலி கட்டியபின் மாப்பிள்ளை குனிந்து, பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்து, விரலில் மெட்டி போடுகிறான். அக்கினியை வலம்வரும்போது வெறும் பாதம் தரையில் படுகிறது. ஏழடி எடுத்துவைக்கும் வழக்கமுள்ள இடங்களில் ஒவ்வோர் அடியும் எண்ணப்படுகிறது. பெரியவர்கள் காலில் விழுந்து எழுகிறார்கள். புகுந்த வீட்டு வாசலில் வலது காலை எடுத்து வைத்து வா என்கிறார்கள். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் சடங்கின் விவரம் மாறும். தர்மபுரியைப் போலத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் கலந்து வாழும், மலைமேல் மலையாளிப் பழங்குடிகள் வாழும் இடத்தில் நிறையவே மாறும். ஆனால் கல்யாணத்தின் முக்கியமான காரியங்களில் பல காலைத் தொட்டே நடக்கின்றன என்பது பெரும்பாலும் பொது. மேல்நாட்டுக் கல்யாணத்தில் மோதிரம் மாற்றும் விரலில் கையுறை இருந்தால் எவ்வளவு தொல்லையோ, அவ்வளவு தொல்லை இங்கே காலில் செருப்பு இருந்தால்.

விக்டோரியா காலத்து மணப்பெண்ணோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலக்கமாகிறது. அவள் பாவாடை தரையைத் தொட்டது. பாதம் யார் கண்ணிலும் படாது. ஆனாலும் செருப்பு வெள்ளையாக, மெல்லியதாக, அதே நாளுக்கென்று வாங்கியதாக இருக்க வேண்டும். ஆலயத்துக்குள் செருப்போடுதான் நடந்தாள். அவள் கலாசாரத்தில் பாதத்தின் அலங்காரம் என்பது பாதத்தை மூடுவது. நம்மவளின் அலங்காரமோ கொலுசு, மெட்டி, மருதாணி, நலங்கு என்று மூடினால் கெட்டுப்போவது. இரண்டு பெண்களும் காலுக்குச் செலவு செய்தார்கள். ஒருத்தியின் பணம் செருப்புக் கடைக்கும் மற்றவளின் பணம் ஆசாரியின் பட்டறைக்கும் போயின. ஆகவே தர்மபுரியில் கல்யாணச் செருப்பு இல்லாமல் இருந்ததைக் குறையாக எண்ணுவது, சிகாகோவில் மெட்டி கிடைக்கவில்லை என்று அந்த ஊர்ப் பெண்ணுக்காக இரங்குவதற்குச் சமம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நம் கல்யாணத்திலும் செருப்பு இருக்கிறதே? காசி யாத்திரைக்குப் புறப்படும் மாப்பிள்ளைக்குக் குடை, கைத்தடி, விசிறியோடு செருப்பும் உண்டு. பிராமணர்களிடமும் இன்னும் சில சமூகங்களிடமும் இது தவறாத காட்சி. ஜானவாச ஊர்வலத்தில் கோட்டும் சூட்டும் பூட்ஸுமாக மாப்பிள்ளை பவனி வந்ததற்கு இருபதாம் நூற்றாண்டின் குடும்பப் புகைப்படங்கள் எத்தனையோ சாட்சி. உண்மைதான். ஆனால் இவை என் வாதத்துக்குப் பலம் சேர்க்கின்றன. காசி யாத்திரையில் செருப்பு எதற்கு? கல்யாணம் வேண்டாம் என்று வெளியே போகிறவனுக்கு. மைத்துனன் வழிமறித்துக் கூட்டிவந்து மணையில் உட்கார வைத்ததும் அது கழன்றுவிடுகிறது. ஜானவாசம் தெருவில் நடப்பது, முதல் நாள் இரவில் நடப்பது. பூட்ஸ் காலோடு ஒருவன் ஊர் சுற்றி வரலாம். மணவறை ஏற முடியாது. தோல் என்பதால் செருப்பைத் தீட்டென்று ஒதுக்கினார்கள் என்று மட்டும் சொல்வதும் அதனால்தான் போதாது. சடங்கு செருப்பை முற்றிலும் வெறுத்திருந்தால் காசி யாத்திரையில்கூட இடம் கொடுத்திராது. பந்தலுக்கு வெளியே, தெருவில், பயணத்தில் அதன் இடத்தை வரையறுத்திருக்கிறது.

அந்த ஜானவாச பூட்ஸ் எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. அதன் ஒரு முனை கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபுவின் 1854ஆம் ஆண்டு உத்தரவில் இருக்கிறது. சர்க்கார் நிகழ்ச்சிகளுக்கு வரும் இந்தியர்கள், நாட்டுச் செருப்பு என்றால் வாசலில் கழற்ற வேண்டும். ஐரோப்பிய பூட்ஸும் காலுறையும் அணிந்திருந்தால் அப்படியே உள்ளே வரலாம் என்று அவர் காலத்தில் முடிவு செய்தார்கள். முதலில் வங்காளத்துக்கென்று வந்த இந்த விதி, 1868ல் வைஸ்ராய் லாரன்ஸ் காலத்தில் விரிவாக்கப்பட்டது. 1862ல் சூரத்தில் மானக்ஜி கோவாஸ்ஜி என்ற பார்சி கனவான், கோர்ட்டில் செருப்பைக் கழற்ற மறுத்து எழுப்பிய தகராறு நாடெங்கும் பேசப்பட்டது. பூட்ஸ் என்பது அந்நாளில் கச்சேரி வாசலைக் கடக்க ஓர் அனுமதிச் சீட்டு. வக்கீலும் உத்தியோகஸ்தரும் அதை வாங்கினார்கள். அந்தஸ்தைக் காட்ட மாப்பிள்ளைக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். இந்தச் செருப்பை மேலே தூக்கியது கச்சேரிதான். மணப்பெண்ணுக்குக் கச்சேரியில் வேலையில்லாததால் அவளுக்கு அது வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மேல்நாட்டில் கல்யாணச் செருப்பு என்றாலே பெண்ணின் செருப்பு. இங்கே தப்பித்தவறிச் செருப்பு நுழைந்த இடங்களில் எல்லாம் அது மாப்பிள்ளையின் செருப்பு.

உண்மையிலேயே தபால் வழியாகக் கல்யாணச் செருப்பு வாங்கியவர்கள் சேலம் ஜில்லாவில் இருந்திருக்கக்கூடிய ஒரே கூட்டம், வெள்ளைக்காரர்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டக்காரர்கள், ஜில்லா அதிகாரிகள், மிஷன் குடும்பங்கள். லண்டனில் 1871ல் தொடங்கிய ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ், இவர்களைப் போன்றவர்களுக்காக விலைப்பட்டியலைக் கப்பலேற்றி, 1891ல் பம்பாயில் கிளையும் திறந்தது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் லண்டன் சரக்கு சென்னைக்கு வரும் காலம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. சென்னையிலேயே ஸ்பென்சர், ஓக்ஸ் போன்ற பெரிய கடைகள் இருந்தன. இந்தியாவுக்கு வரும் ஆங்கிலப் பெண்களுக்காக ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் எழுதிய புகழ்பெற்ற வீட்டு நிர்வாகக் கையேடு, என்னென்ன உடுப்பு எத்தனை கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய இந்தக் குடும்பங்களை வைத்து ஊர்ப் பழக்கம் எதுவும் உருவாகாது. இவர்களை இத்தோடு விடலாம்.

இன்னொரு ஆட்சேபம் தொழில்நுட்பம் சார்ந்தது, எனக்கு இதில் ஓரளவு உடன்பாடு உண்டு. மருந்தும் புத்தகமும் யாருக்கும் பொருந்தும், செருப்பு அப்படியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெண்களின் மெல்லிய செருப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இடது வலது வித்தியாசமே கிடையாது. இரண்டும் ஒரே அச்சு. 1858ல் லைமன் பிளேக் அடித்தோலைத் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சூரினாமில் பிறந்து அமெரிக்காவில் தொழிலாளியாக இருந்த ஜான் மாட்ஸெலிகர், மேல்தோலை அச்சில் இழுத்துப் பொருத்தும் இயந்திரத்துக்கு 1883ல் காப்புரிமை வாங்கினார். 1880களில் நீளத்தோடு அகலத்துக்கும் எண் கொடுக்கும் அளவுமுறை அமெரிக்க வியாபாரிகளிடையே பரவியது. இவையெல்லாம் சேர்ந்த பிறகுதான் எண்ணை எழுதி அனுப்பினால் காலுக்கேற்ற செருப்பு வரும் என்று ஓரளவாவது நம்ப முடிந்தது. அந்த எண்களோ குழந்தைப் பருவம் முதல் மூடிய செருப்புக்குள் வளர்ந்த பாதங்களுக்கானவை. வெறுங்காலோடு நடந்து விரல்கள் விரிந்த தர்மபுரிப் பாதத்துக்கு அவை கடிக்கும். வி.பி.பி.யில் பணம் கட்டிய பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும். உள்ளே இருப்பது பொருந்தாவிட்டால் பணம் போனது போனதுதான். குப்பையை அனுப்பிக் காசு பறித்த மோசடி விளம்பரக்காரர்கள் வேறு மலிந்திருந்தார்கள். இத்தனையும் சரி. ஆனாலும், உள்ளூரில் காலை அளந்து செய்து கொடுக்கும் கைத்தொழிலாளி ஒவ்வோர் ஊருக்கும் இருந்தார். தேவை இருந்திருந்தால் கல்யாணச் செருப்பு தபாலில் வராவிட்டாலும் அவர் கையிலிருந்தாவது வந்திருக்கும். அளவுப் பிரச்சினை தபாலைத் தடுக்கும்; ஆசையைத் தடுக்காது.

அந்தத் தொழிலாளியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையைக் கடந்துபோவது நேர்மையாகாது. சேலம், தர்மபுரிப் பக்கம் தோல் வேலை அருந்ததியர் கையில் இருந்தது. கிணற்றுக் கவலைக்குத் தோற்பறி தைப்பது, மாட்டு வாருக்குத் தோல் அறுப்பது, செருப்புக் கட்டுவது எல்லாம் அவர்கள். அறுவடையில் தானியமாகக் கூலி. கவலைப் பறி இல்லாவிட்டால் தோட்டத்தில் தண்ணீர் பாயாது, விவசாயமே நின்றுவிடும். ஆனால் ஊருக்கே செருப்புக் கட்டிய அந்தக் கை, தன் காலுக்குக் கட்டிக்கொண்டு மேல்சாதித் தெருவில் நடக்க முடியாது. செருப்பையும் குடையையும் யார் அணியலாம் என்பது தமிழ்நாட்டில் சடங்கு விஷயமாக மட்டும் இருக்கவில்லை. அதிகார விஷயமாக இருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது விதித்த எட்டுத் தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம் புத்தகத்தில் பதிந்திருக்கிறார். வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஆகவே மணமக்கள் வெறுங்காலோடு நின்றதை அழகான மரபு என்று மட்டும் வர்ணித்துவிட்டுப் போவது சரியல்ல. மாப்பிள்ளை தானாகக் கழற்றியது வேறு. பந்தல் போட்டவனும் பறை அடித்தவனும் கழற்றச் சொன்னதால் கழற்றியது வேறு. என் வாதம் முதலாவதைப் பற்றியது. இரண்டாவது அதன் பக்கத்திலேயே நின்றது.

இனி தோல் போன வழி. தர்மபுரியின் புன்செய் மேட்டிலும் பாதையோரத்திலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரை, தென்னிந்தியத் தோல் தொழிலின் உயிர்நாடி. அதன் பட்டையை ஊறவைத்த நீரில் பதப்படுத்திய தோல் வெளிர் நிறமாகவும் மிருதுவாகவும் வரும். எந்தச் சாயமும் ஏற்கும். கடைசியில் கடுக்காய் நீரில் நனைத்து எடுப்பார்கள். அந்தக் கடுக்காயும் இந்தப் பக்கத்து மலைகளில் விளைவது. 1840களில் மொரீஷியஸிலிருந்து வந்த சார்லஸ் டி சூசா என்பவர் இந்த நாட்டு முறையைச் செப்பனிட்டு ஏற்றுமதித் தரத்துக்குக் கொண்டுவந்தார். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு எனப் பாலாற்றை ஒட்டி முஸ்லிம் வியாபாரிகளின் பதனிடும் கூடங்கள் பெருகின. அரைப்பதமான இந்தத் தோல் லண்டன் ஏலத்தில் விற்று, இங்கிலாந்தில் மறுபதமாகி, செருப்பின் மேல்தோலாயிற்று. தாது வருஷப் பஞ்சத்தில் தீவனமில்லாமல் மாடுகள் செத்து விழுந்தபோது சென்னையின் தோல் ஏற்றுமதி பெருகியது என்பது அந்த வியாபாரக் கணக்கிலேயே குரூரமான பக்கம்.

ஆட்டுத்தோலுக்கு அமெரிக்காவிலும் பெரும் கிராக்கி இருந்தது. 1884ல் நியூயார்க்கின் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியாவின் ராபர்ட் ஃபோர்டரர் அதை ஆட்டுத்தோலில் வெற்றிகரமாகச் செய்து, ‘விசி கிட்’ என்ற பெயரில் பளபளக்கும் மெல்லிய தோலை உலகெங்கும் விற்றார். சீமாட்டிகளின் செருப்புக்கு இதைவிட உகந்தது இல்லை என்று பெயர் பெற்றது. பிலடெல்பியாவுக்கு வேண்டிய ஆட்டுத்தோல் இந்தியாவிலிருந்தும் போயிற்று. விளைவு நமக்கு அடி. அதுவரை பதனிட்ட தோலை வாங்கிய அமெரிக்கா, இனி பச்சைத் தோல் போதும், பதனிடுவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றது. சென்னை ராஜதானியின் ஆட்டுத்தோல் பதனிடுவோர் 1890களில் தள்ளாடினார்கள். ஒரு குறிப்பிட்ட மணப்பெண்ணின் செருப்பில் எந்த ஊர் ஆடு என்று முத்திரை குத்தியிருக்காது. ஆனால் சரக்கு போன திசை தெளிவு. விலைப்பட்டியல் புத்தகத்தின் செருப்புப் பக்கத்துக்கும் நம் சந்தைப்பேட்டை ஆட்டுக்கும் சம்பந்தம் உண்டு. வாங்கும் முனையில் அல்ல, விற்கும் முனையில்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு திருப்பம், குரோம் முறை இங்கே வந்தபோது எதற்காக வந்தது என்பது. சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903ல் குரோம் பதனிடலைச் சோதிக்கத் தொடங்கியபோது, முதலில் அவர் மனதில் இருந்தது செருப்பல்ல, கவலைப் பறி. தண்ணீரில் ஊறியும் சீக்கிரம் அழுகாத தோல் விவசாயிக்குக் கிடைத்தால் நல்லது என்று நினைத்தார். பிலடெல்பியாவில் மெல்லிய செருப்பான கண்டுபிடிப்பு, சென்னையில் கிணற்றுச் சாமானாக நுழைந்து, அதன் பிறகுதான் செருப்பு, பூட்ஸ் பக்கம் திரும்பியது. எந்த ஊரில் தோலுக்கு என்ன வேலை இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பாட்டா நிறுவனம் 1930களில் இந்தியாவில் தொழிற்சாலை நிறுவி, எண் போட்ட விலை மலிந்த செருப்பை ஊரூராகக் கொண்டுபோன பின்னும், மணவறைக்குள் செருப்பு ஏறவில்லை.

இன்றைக்கு தர்மபுரியில் ஒரு கல்யாணப் பெண் கைபேசியில் செருப்பைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு வரவழைப்பது சர்வசாதாரணம். பணத்தைப் பொருள் வந்தபின் கொடுக்கும் முறையை 2010ல் ஃபிளிப்கார்ட் பெரிய அளவில் கொண்டுவந்தபோது அது புதுமை என்று பேசப்பட்டது, 1877ன் வி.பி.பி.க்கு அது பேரப்பிள்ளை. அப்படியானால் சடங்கு தோற்று, செருப்பு ஜெயித்துவிட்டதா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. செருப்பு முகூர்த்தத்துக்கு வரவில்லை, ரிசப்ஷனுக்கு வந்தது. மாலையில் மேடையில் நின்று, விருந்தினரை வரவேற்று, புகைப்படத்துக்கு முகம் கொடுக்கும் அந்த நிகழ்ச்சி நம் பழைய கல்யாணத்தில் இல்லாதது. அங்கே பாதத்தைத் தொட்டுச் செய்ய வேண்டிய காரியம் ஏதும் கிடையாது. அதனால்தான் குதிகால் உயர்ந்த, கல் பதித்த செருப்பு தடையில்லாமல் நுழைந்தது. மறுநாள் காலை அதே பெண் அம்மிமேல் வெறுங்காலை வைக்கிறாள். மாப்பிள்ளையின் ஷூவை மைத்துனிகள் ஒளித்துவைத்துக் காசு கேட்கும் வடநாட்டு விளையாட்டு, 1994ல் வந்த ஓர் இந்திப் படத்துக்குப் பிறகு நம் மண்டபங்களிலும் எட்டிப்பார்க்கிறது. ஒளிக்க வேண்டுமென்றால் அவன் முதலில் கழற்றியிருக்க வேண்டுமே.

பழைய ஆட்சேபங்களில் இன்றும் தீராமல் நிற்பது அளவு ஒன்றுதான். இந்தியாவில் விற்கும் செருப்புகள் இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்க எண்களிலேயே வருகின்றன. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் மேல்நாட்டுப் பாதத்தைவிட அகலம் என்பது அதில் தெரிந்தது. அதன் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில் இந்திய அளவுமுறை ஒன்று முன்மொழியப்பட்டிருக்கிறது. அது புழக்கத்துக்கு வரும்வரை தர்மபுரிப் பெண் தனக்கு வேண்டியதைவிட ஓர் எண் கூட்டி வாங்கி, ரிசப்ஷனுக்கு இரண்டு நாள் முன்னால் போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். வி.பி.பி. காலத்தில் இல்லாத வசதி அது.